கடைசித் தேதி முடிந்துவிட்டதென்று உன்னிடம் சொன்னேன்

எய்யா,

நீ ஆய்வகத்துக்குக் கிளம்பிப் போய் ஒரு மணிநேரம் ஆகிறது. பாத்திரம் கழுவியாயிற்று, துணி காயப்போட்டாயிற்று, உன் மேசையில் இருந்த காகிதங்களைத் தொடாதே என்று நீ சொன்னதால் அவற்றை மட்டும் தொடவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை எனக்கு விமானம். அதற்குள் இதை எழுதி முடிக்கவேண்டும். போன வாரம் சாப்பிட வந்த கோயம்புத்தூர்ப் பெண், தன் அம்மாவிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாளே, அந்த அம்மா மூன்று நாளாகப் போன் பேசுகிறார். அவருடைய சின்ன மகனும் வெளிநாட்டில் படிக்கவேண்டுமாம். உங்கள் மகனுக்கு எப்படித் திட்டம் போட்டீர்கள், எங்கே ஆரம்பித்தீர்கள் என்று கேட்கிறார். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நீ சட்டை தேய்த்தாய். பிறகு, “எம்மா, ஆளாளுக்குத் தனியா சொல்லாத. எனக்கு ஒரு லெட்டரா எழுதிக் குடு, கேக்குறவங்களுக்கு நான் அனுப்பிக்கிடுதேன்” என்றாய். அதுதான் இது. உனக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். அந்த அம்மாவிடம் போனில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. நம்முடைய திட்டத்தின் முதல் வருஷத்தைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் எழுதினால் இந்தக் கடிதத்தால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

நம் கதை தூத்துக்குடி வீட்டின் அடுப்படியில் ஆரம்பித்தது. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் உப்புக் கம்பெனியின் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. மூட்டைக்குப் போகும் உப்பில் அயோடின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒரு காலையில் இட்லிச் சட்டியைத் திறந்து வைத்திருந்தேன், மேலே கூரையிலிருந்து சிமெண்டுக் காரை பெயர்ந்து அப்படியே சட்டிக்குள் விழுந்தது. உன் அப்பா முதலில் பார்த்தது இட்லியை. நான் பார்த்தது உன்னை, தலையில் கிலையில் விழுந்துவிட்டதா என்று. நீ மேலே பார்த்தாய். கூரையில் பெயர்ந்த இடத்தில் கம்பி வெளியே தெரிந்தது. துருப்பிடித்து, ஈரத்தில் ஊறிய பயறு மாதிரி உப்பிப்போயிருந்தது. இரும்பு எப்படிம்மா வீங்கும் என்று கேட்டாய். உப்புக்காற்று உள்ளே போய் இரும்பைத் தின்கிறது, துரு இடம் கேட்கிறது, சிமெண்டைத் தள்ளிவிடுகிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும்வரை நாற்காலியில் ஏறி நின்று அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தாய். அப்பா அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரைக் கூட்டிவந்து பூசிவிட்டார். இரண்டு வருஷத்தில் மறுபடியும் விழுந்தது. “இவர் மேல பூசுதாரு, உள்ள இருக்குத உப்பு அப்படியேதானம்மா இருக்கு” என்று நீ சொன்னாய். பதினாலு வயதுப் பிள்ளை சொன்னதை நாங்கள் இருவரும் சிரித்து ஒதுக்கிவிட்டோம்.

சிவில் எடுத்துப் படித்தாய். கடைசி வருஷத்தில் ஒருநாள், கனடாவில் மொன்றியல் என்று ஒரு ஊர், அங்கே ஒரு பேராசிரியை இந்த ஒரே விஷயத்தைத்தான் ஆராய்கிறார் என்று வந்து சொன்னாய். கடலே இல்லாத ஊரில் உப்புக்கு என்ன வேலை என்று கேட்டேன். பனிக்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க லாரி லாரியாக உப்பைக் கொட்டுகிறார்கள், அது கரைந்து பாலங்களுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்கிறது, நம் வீட்டுக் கூரைக்கு வந்த அதே நோய்தான் என்றாய். உன் கண் மின்னிற்று. அந்தப் பேராசிரியைக்கு மின்னஞ்சல் எழுதினாய், பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது, விண்ணப்பம் போடு, வந்தால் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். அந்தப் பதிலை நீ எங்கள் இருவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினாய். கோயம்புத்தூர் அம்மா எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான். பிள்ளை எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறான் என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். நாடும் ஊரும் அதற்குப் பின்னால் வரும். நீ சரியாகத்தான் ஆரம்பித்தாய். நடுவில் நான் புகுந்தேன்.

எனக்குப் பயம். மொன்றியலில் பிரெஞ்சு பேசாதவனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று யாரோ சொன்னார்கள். கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் டொரண்டோ பக்கம் போயிருந்தார்கள். அவர்களை அனுப்பிய ஏஜென்டிடம் போனால் எல்லாம் தானாக நடக்கும் என்றார்கள். உனக்குச் சொல்லாமல் மதுரைக்குப் பஸ் ஏறினேன். குளிர்சாதன அறை, சுவர் முழுக்கச் சிரிக்கிற பிள்ளைகளின் படம். உன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, டொரண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வணிக நிர்வாகப் படிப்பு, உடனே இடம், கூடவே நம்ம ஊர்ப் பிள்ளைகள் நூறு பேர் இருப்பார்கள் என்றார் அந்த மனுஷர். என் மகன் பாலத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறான் என்றேன். முதலில் நாட்டுக்குள்ளே போகட்டும், பாலம் எங்கே ஓடிவிடும் என்றார். மொன்றியல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானே என்றேன். அதற்குக் கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். விசாரித்துவிட்டேன், அந்த ஊருக்குக் கடைசித் தேதி முடிந்துபோயிற்று, டொரண்டோவில் இடம் இருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்குத் தேதி முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது, எய்யா. எனக்கு அது தெரியும்.

நீ என்னை நம்பினாய். போய்ச் சரிபார்க்கவேண்டும் என்றுகூட உனக்குத் தோன்றவில்லை. ஏஜென்ட் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாய். நீ ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு கட்டுரை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள், சிறு வயதிலிருந்து உனக்கு வணிகத்தில் தீராத ஆர்வமாம். நீ அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் வேறு பக்கம் பார்த்தேன். மூன்று மாதம் கழித்துக் கனடா அனுமதி மறுத்துவிட்டது. சிவில் படித்த பிள்ளை ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறான் என்று புரியவில்லை, படித்து முடித்தால் இவனுக்கு என்ன ஆகப்போகிறது என்பதும் புரியவில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். அந்த அதிகாரி என் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் என்னைவிடச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாய். அந்தப் பேராசிரியை எழுதியிருந்தார். உன் விண்ணப்பத்தை எதிர்பார்த்தேன், வரவில்லையே, மனது மாறிவிட்டதா என்று கேட்டிருந்தார். விண்ணப்பம் என்றைக்கு முடிந்தது என்றும் அதில் இருந்தது. நீ தேதியைச் சுட்டிக் காட்டிவிட்டு, “எம்மா, தேதி முடிஞ்சிட்டுன்னு ஒனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாய். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், நீ அவ்வளவு தூரம் தனியாகப் போவதை நினைத்துப் பயந்து சொன்னேன் என்றேன். நீ போனைச் சட்டைப் பைக்குள் வைத்தாய். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாய். சாயங்காலம் வந்து சாப்பிட்டாய், தட்டைக் கழுவி வைத்தாய். அதற்குப் பிறகு ஒன்பது நாள் எனக்குக் கிடைத்ததெல்லாம் ‘ம்’ மட்டும்தான். உன் அப்பாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் கடையிலிருந்து வந்த கையோடு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். “அவனுக்கு ஒரு வருசம் கடன்பட்டிருக்க. அழுதுட்டு இருந்தா தீருமா? கூட நின்னு செய்யி” என்றார்.

பத்தாம் நாள் காலையில் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உன் முன்னால் வந்து உட்கார்ந்தேன். மொன்றியலுக்கு என்னென்ன வேண்டும், ஒவ்வொன்றாகச் சொல்லு, அலைகிற வேலையெல்லாம் நான் செய்கிறேன் என்றேன். நீ சொல்ல ஆரம்பித்தாய். அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நீ சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு இடத்தில் என் எழுத்துப்பிழையைத் திருத்தினாய். மன்னிப்பு என்கிற வார்த்தை நம் இருவர் வாயிலிருந்தும் அன்றைக்கு வரவில்லை. வேலை ஆரம்பித்துவிட்டது.

மதிப்பெண் பட்டியலை நீ பட்டம் வாங்கிய பல்கலைக்கழகமே உறையில் போட்டு முத்திரை வைத்துத் தரவேண்டும் என்றிருந்தது. நீ ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்ததால் நான் சென்னைக்கு ரயில் ஏறினேன். ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று, நீ கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டி, மூன்று உறைகளை வாங்கிக்கொண்டு தங்கக்கட்டி மாதிரி மடியில் வைத்து ஊர் வந்து சேர்ந்தேன். உறைகளை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்றையும் பிரித்து, தாள்களை வரிசையாக விரித்து வைத்திருக்கிறார். மார்க்கெல்லாம் சரியாப் போட்டிருக்கானான்னு பாத்தேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு என்றார் பெருமையாக. பிரித்த உறை செல்லாது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். நீதான் முதலில் சிரித்தாய். எத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தாய் தெரியுமா? அந்தச் சிரிப்புக்காக இன்னும் மூன்று உறையை அவர் பிரித்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். அடுத்த வாரம் மறுபடி சென்னை போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டு, போனதரம் வாங்கியது என்னவாயிற்று என்று கேட்டார். வீட்டில் ஒருவர் சரிபார்த்துவிட்டார் என்றேன்.

பிறகு உன் கட்டுரை. அதில்தான் நாம் சண்டை போட்டோம், நல்ல சண்டை. இணையத்தில் நூறு கட்டுரைகளைப் படித்துவிட்டு நீயும் அவர்களைப் போலவே எழுதி வைத்திருந்தாய். உலகத் தரம், எல்லையற்ற ஆர்வம், தலைசிறந்த பல்கலைக்கழகம். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும், ஆனாலும் அதில் நீ இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. இட்லிச் சட்டியில் காரை விழுந்ததை எழுது என்றேன். அதெல்லாம் போய் எப்படி எழுதுவது, சிரிப்பார்கள் என்றாய். சிரிக்கட்டும், சிரித்தவர்கள் மறக்கமாட்டார்கள் என்றேன். நீ இரண்டு நாள் முறைத்துவிட்டு எழுதினாய். நாற்காலியில் ஏறிக் கம்பியைத் தடவியது, கொத்தனார் மேலே மட்டும் பூசியது, உள்ளே இருந்த உப்பு அப்படியே இருந்தது எல்லாம் எழுதி, தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாய். நான் முதல் தடவை சிரித்து ஒதுக்கியதை இரண்டாம் தடவை ஒழுங்காகக் கேட்டேன்.

பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது. அதோடு முடியும் என்று நினைத்தேன், முடியவில்லை. மொன்றியல் இருக்கும் இந்தக் கியூபெக் மாகாணம் முதலில் தன் பங்குக்கு ஒரு சம்மதக் கடிதம் தரவேண்டும், அது கையில் வந்தபிறகுதான் கனடா அனுமதிக்குப் போடமுடியும். ஒன்றுக்குப் பின் ஒன்று, அதனால் மற்ற ஊர்க்காரர்களைவிட முன்னாலேயே ஆரம்பிக்கவேண்டும் என்று கோயம்புத்தூர் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். அனுமதிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது, இதற்கு முன் மறுக்கப்பட்டிருக்கிறாயா என்று. தெரிந்தவர்கள் எல்லாரும் இல்லை என்று போடச் சொன்னார்கள். நீ ஆம் என்று போட்டாய். ஏன் மறுத்தார்கள் என்பதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதினாய், அதில் என் பெயர் வரவில்லை, குடும்பத்தின் முடிவு என்று மட்டும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் உள்ளே போய் ஒரு தாளில் என் ஆங்கிலத்தில் நானே எழுதினேன். முதல் விண்ணப்பம் என் மகனின் விருப்பம் இல்லை. பயத்தில் நான் செய்தது. அவனிடம் பொய் சொல்லிச் செய்தேன். இந்த விண்ணப்பம் அவனுடையது. நாலே வரி. கையெழுத்துப் போட்டு, இதையும் சேர்த்து அனுப்பு என்று கொடுத்தேன். நீ படித்தாய். இலக்கணம் திருத்தட்டுமா என்று கேட்டாய். வேண்டாம், இப்படியே போகட்டும் என்றேன். அப்போதுதான், “எம்மா, போதும்மா. எனக்கு இப்போ கோவம் இல்ல” என்று சொன்னாய். சேர்த்து அனுப்பினோம். அவர்கள் அதைப் படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. நீ படித்தாய், அது போதும்.

காத்திருந்த மாதங்களில் நம் வீடு பிரெஞ்சு வீடாகிப்போனது. நீ போனில் பாடம் போட்டுவிட்டு வெங்காயம் உரிப்பாய், நான் கூடவே சொல்லிப் பார்ப்பேன். பரிசோதனை அறைக்குள் நுழையும்போது மேற்பார்வையாளருக்கு வணக்கத்துக்குப் பதிலாக போன்ழூர் சொன்னேன், அவர் என்னவோ சாமி மந்திரம் என்று நினைத்து, யாருக்கு என்ன வேண்டுதல் என்று விசாரித்தார். நன்றிக்கு மெர்சி என்று சொன்னதற்கு மினிபஸ் கண்டக்டர், என் பெயர் அது இல்லையே அக்கா என்றார். அனுமதி வந்த அன்று நீ மாடியில் இருந்து இறங்கி ஓடிவந்தாய், போனை நீட்டினாய். அப்பா அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, தெருவில் இருந்த எல்லார் வண்டிக்கும் இலவசமாகக் காற்றடித்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த கொண்டாட்டம் அது.

இங்கே வந்த முதல் பனிக்காலம் உனக்கு நல்லதாக இல்லை. அதை நீ சொல்லவில்லை. தினமும் போனில் நல்லாயிருக்கேன் என்றாய், கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கீழ் வீட்டு ரோசலின். நீ வாடகைக்கு இருக்கும் செயின்ட்-மிஷேல் பகுதியின் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி, மன்னாரிலிருந்து சின்ன வயதில் வந்தவள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டரியில் வேலை செய்கிறவள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. “அக்கா, பயப்பிடாதையுங்கோ. உங்கட மகனுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. ஆனா பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறான் இல்லை, ஆரோடையும் கதைக்கிறானும் இல்லை. நான் சொன்னனெண்டு சொல்லாதையுங்கோ” என்றாள். வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய் என்று அர்த்தமாம், எனக்கு அது தெரியாமல், மகனுக்கு வருத்தம் இல்லை என்றால் சந்தோஷமாகத்தானே இருக்கிறான் என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போனேன். உடனே உனக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. ஒரு பாடத்தில் தோற்றுவிட்டேன் என்று சொன்னாய், வகுப்பில் எல்லாரும் புரிந்தது மாதிரி தலையாட்டுகிறார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை என்றாய். அவ்வளவு கஷ்டப்பட்டு அனுப்பினீர்கள், உன்னிடம் எப்படிச் சொல்வது என்றாய். அன்றைக்கு நான் சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன். “எய்யா, நான் ஒங்கிட்டப் பொய் சொன்னவ. எங்கிட்ட நீ எதுக்கு வெக்கப்படணும்?” நீ அழுதாய். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டேன், கீழே போய் ரோசலினிடம் வாங்கிச் சாப்பிட்டாய். மறுநாள் பேராசிரியையிடம் போய், எனக்குப் புரியவில்லை என்று சொன்னாய். அவர் வாரத்தில் ஒரு மணிநேரம் உனக்கு ஒதுக்கினார். அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதித் தேறினாய். தலையாட்டியவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு உன்னிடம் வந்து, எங்களுக்கும் புரியவில்லை என்று சொன்னார்களாம்.

இந்த வருஷம் ஏப்ரலில் நான் வந்து இறங்கியபோது தெருவோரத்தில் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடந்தது. விமான நிலையத்திலிருந்து வந்து, வீட்டு வாசலில் பெட்டியை இறக்கும்போது நடைபாதை ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். இத்தனை வருஷ வேலைப் பழக்கம், குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டேன். எம்மா துப்பு, நாய் நடக்கிற இடம் என்று நீ கத்தினாய். துப்பிவிட்டுச் சொன்னேன், இது கடல் உப்பு இல்லை, பூமிக்குள்ளே வெட்டி எடுத்த கல் உப்பு, மண் கலந்திருக்கிறது, நம் கம்பெனியில் இதை மாட்டுக்குக்கூட அனுப்பமாட்டோம் என்று. நீ பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாய். ரோசலின் கதவைத் திறந்து என்ன சத்தம் என்று பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும், எங்கட மன்னாரிலையும் உப்பளம் இருக்கு அக்கா, உள்ளுக்கு வாருங்கோ, நல்ல உப்புப் போட்டு மீன் காய்ச்சி வைச்சிருக்கிறன் என்றாள். அந்த வாரமே அவளுடைய வீட்டுக்காரர், துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், நம் இருவரையும் காரில் அந்தப் பக்கம் கூட்டிப்போனார். வேலிக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் போர்த்திய உப்பு மலை நின்றது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கேயோ அந்நிய தேசத்துக்கு உன்னை அனுப்பிவிட்டேன் என்று பயந்துகொண்டிருந்தேனே, நீ ஒரு உப்பு ஊரிலிருந்து இன்னொரு உப்பு ஊருக்கு வந்திருக்கிறாய். இதை முதல் வருஷமே நீ என்னிடம் சொன்னாய். நான்தான் காதில் வாங்கவில்லை.

பட்டமளிப்பு அன்று நான் கட்டியிருந்த மயில்கழுத்துப் பட்டு உனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, எனக்குத் தெரியும். ரோசலின் கார்டரியில் அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். உன் பெயரை அவர்கள் வாசித்த விதத்தில் நீதான் என்று எனக்குப் புரியவே இல்லை, அவள்தான் என் தொடையில் தட்டி, எழும்புங்கோ அக்கா, உங்கட பிள்ளை என்றாள். எழுந்து நின்று கை தட்டினேன், மற்றவர்கள் உட்கார்ந்துகொண்டு தட்டுகிறார்கள் என்பதை அப்புறம்தான் பார்த்தேன். போனைத் தூக்கிப் பிடித்திருந்ததில் உன் அப்பா தெரிந்தார், கடைப் பையன்கள் யாரும் பார்க்கக்கூடாது என்று டயர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வெளியே வந்ததும் பேராசிரியை நம்மிடம் வந்தார். இரண்டு வாரமாகப் பயிற்சி செய்திருந்த பிரெஞ்சு வாக்கியத்தைச் சொன்னேன், என் மகனுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி என்று. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ வேகமாகச் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாய், இட்லிச் சட்டிக்காரம்மா நீங்கள்தானா என்று கேட்கிறாராம். வருஷா வருஷம் வகுப்பின் முதல் நாளில் அந்தக் கூரைக் கதையைச் சொல்லித்தான் அவர் பாடத்தை ஆரம்பிக்கிறாராம்.

இனி, நீ கேட்டதற்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டுக்குப் பின்னால் அந்தப் பழைய கல் குவாரியைப் பூங்காவாக்கியிருக்கிறார்களே, அங்கே புல்லில் உட்கார்ந்திருந்தோம். உனக்கு இரண்டு வேலைக் கடிதங்கள் வந்திருப்பதாகச் சொன்னாய். ஒன்று இங்கே, பாலங்களைச் சோதிக்கும் நிறுவனத்தில். இன்னொன்று சென்னையில், கடலோரக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில். நீ என்ன சொல்லுதம்மா என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றி, அந்தக் குழந்தைகள் என்ன விளையாட்டு விளையாடுகிறார்கள் என்று கேட்டேன். உனக்கு முகம் வாடிவிட்டது. பழைய பயம் எனக்கு. வாயைத் திறந்தால் உன் முடிவை மறுபடியும் நான் எடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். ஆசையை மறைத்து வைத்ததால்தான் அன்றைக்குப் பொய் சொல்லவேண்டி வந்தது. பயமாக இருக்கிறது, போகாதே என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், நீ என்னோடு வாதாடி ஜெயித்திருப்பாய், ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன். நீ ஊருக்கு வரவேண்டும் என்று எனக்கு ஆசை. சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறினால் காலையில் வீட்டில் இருப்பாய், அப்பாவுக்கு முட்டுவலி வந்துவிட்டது, எனக்கும் இன்னும் இரண்டு வருஷத்தில் வேலை முடிகிறது. இது முழு ஆசை, பாதி ஆசை இல்லை. ஆனால் இது என் ஆசை, உனக்குப் போட்ட உத்தரவு இல்லை. நீ இங்கே இருக்கிறேன் என்று சொன்னால் நான் அழுவேன். அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், எய்யா, நீ தப்பான முடிவு எடுத்துவிட்டாய் என்று அதற்கு அர்த்தம் இல்லை. எந்த ஊரில் எந்தக் கம்பியைப் பார்க்கும்போது உனக்கு அந்த நாற்காலியில் ஏறத் தோன்றுகிறதோ அந்த ஊரில் இரு. என்னைக் கேட்டு முடிவெடுக்காதே, முடிவெடுத்துவிட்டுச் சொல்லு. நான் விமானம் ஏறிய பிறகு எடுத்தாலும் சரி. எந்தத் தேதியானாலும் அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்கு என்னென்ன வேண்டும் என்று அடுத்த நிமிஷமே கேட்பேன்.

இப்படிக்கு, இன்னும் இரண்டு நாள் உன் வீட்டில் விருந்தாளியாக இருக்கும்
அம்மா